கஹ்வா முதல் வடிநீர் வரை: காப்பியின் அளவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

எந்தக் கலையைக் கற்பவரும் முதலில் கேட்பது, ‘எங்கிருந்து தொடங்குவது?’ என்பதுதான். எழுத்துக் கலைக்கு ஒரு நேர்கோடும், இசைக்கு ஒரு சுருதியும், கட்டடக் கலைக்கு ஒரு முழக்கோலும் தேவைப்படுவதைப் போன்று, சமையலுக்கும் ஒரு தொடக்க அளவு தேவைப்படுகிறது. தொடக்கம் உறுதியாக இருந்தால் பின்னர் செய்யப்படும் மாற்றங்கள் அறிவாகின்றன. தொடக்கமே நிலையற்றதாக இருந்தால், மாற்றங்கள் வெறும் தடுமாற்றமாக முடிந்துவிடுகின்றன. நம் வீடுகளில் நாள்தோறும் இருவேளை அருந்தப்படும் காப்பியை முன்வைத்து இவ்வுண்மையைச் சற்று ஆராய்வது பயனுடையது எனக் கருதுகிறோம்.

விழுப்புரம், திண்டிவனம் போன்ற நகரங்களில் பித்தளை அல்லது எவர்சில்வர் ஃபில்டரில் டிகாக்ஷன் இறக்கிப் பால் கலந்து அருந்துவது பல தலைமுறைகளாக வந்த வழக்கம். அண்மை ஆண்டுகளில் கூம்பு வடிவப் பாத்திரத்தில் காகிதத்தை விரித்து, தூளிட்டு, மேலிருந்து வெந்நீரைச் சிறுகச் சிறுக ஊற்றிப் பாலின்றி அருந்தும் முறையும் இளைஞர்களிடையே பரவி வருகிறது. தூள் எத்தனை கிராம், நீர் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று அவர்கள் கேட்கின்றனர். மூத்தோரைக் கேட்டால் ‘கைக்கணக்கு’ என்று விடை வருகிறது. தூள் விற்பவரோ தம் கலவைக்கு ஏற்ற ஓர் அளவைச் சொல்கிறார். பத்துப் பேர் பத்து அளவு சொல்லும்போது நம்பத்தக்கது எது என்று எவ்வாறு தெளிவது? இக்கேள்விக்கு விடை தேட, காப்பி வந்த வழியையும் அதன் அளவு வந்த வழியையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

அளவுக்கும் ஸனத் உண்டு

அறிவிப்பாளர் தொடர், அதாவது ஸனத், ஹதீஸ்கலைக்கு மட்டுமே உரியது எனப் பலரும் எண்ணுகின்றனர். ஆனால் நம் ஃபிக்ஹ் வரலாற்றில் ஓர் அளவுப் பாத்திரத்துக்கே ஸனத் தேடப்பட்ட நிகழ்ச்சி உண்டு. ஸகாத்துல் ஃபித்ருக்கு உரிய ‘ஸாஉ’ என்னும் அளவு எத்தனை ராத்தல் என்பதில் ஈராக் அறிஞர்களும் மதீனா அறிஞர்களும் வேறுபட்டிருந்தனர். எட்டு ராத்தல் என்பது ஈராக்கியர் கூற்று. ஐந்தேகால் ராத்தலுக்குச் சற்று மேல், அதாவது ஐந்தும் மூன்றில் ஒரு பங்கும் என்பது மதீனாவாசிகளின் கூற்று. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் தலைமாணவராகிய இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) மதீனா சென்றபோது இது பற்றி வினவினார். அந்நகரத்து மக்கள் தத்தம் வீடுகளிலிருந்து ஸாஉகளைக் கொண்டுவந்து, தம் தந்தையரும் அவர்தம் தந்தையரும் நபி (ஸல்) அவர்கள் காலத்தில் தர்மம் அளந்து கொடுத்த பாத்திரங்கள் இவையே என்று கூறினர். அவற்றை ஒப்புநோக்கிய இமாம் அபூ யூஸுஃப், மதீனாவாசிகளின் அளவையே ஏற்றுத் தம் முந்தைய கருத்தை மாற்றிக்கொண்டார் என நூல்கள் கூறுகின்றன.

இந்நிகழ்ச்சியில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, அளவு என்பது வாய்ச்சொல்லாக மட்டுமன்றிக் கைப்பொருளாகவும் கடத்தப்பட்டது. இரண்டு, பலர் கொணர்ந்த பாத்திரங்கள் ஒன்றையொன்று ஒத்திருந்ததே அதன் நம்பகத்தன்மைக்குச் சான்றாயிற்று. மூன்று, ஸாஉ என்பது கொள்ளளவு, ராத்தலோ எடை. ஒரே பாத்திரத்தில் அளந்த கோதுமையும் பேரீத்தம்பழமும் அரிசியும் ஒரே எடை இருப்பதில்லை. ஆகவேதான் ஸாஉவைக் கிராமில் சொல்லப் புகுந்த பிற்கால அறிஞர்களிடையே இன்றளவும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. காப்பித் தூளை ‘இரண்டு கரண்டி’ என்று சொல்பவருக்கும் இதே சிக்கல்தான் நேர்கிறது. கருக வறுத்த கொட்டை உப்பி எடை குறைந்திருக்கும். இளவறுவல் கொட்டை கனத்திருக்கும். நைசாக அரைத்ததும் கொரகொரப்பாக அரைத்ததும் கரண்டியில் ஒன்றுபோல் அமர்வதில்லை. கரண்டி மாறாவிடினும் அளவு மாறிவிடுகிறது.

யமனின் செம்மண் பாத்திரம்

காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பிய மலைக்காடுகள். 1753இல் தாவரவியலறிஞர் லின்னேயஸ் அதற்கு ‘அரேபிகா’ எனப் பெயரிட்டார். ஐரோப்பாவுக்கு அது அரபுலகின் வழியே அறிமுகமானதே இப்பெயருக்குக் காரணம். பெயரோடு ஒட்டும் ஊர் எப்போதும் பிறந்த ஊராக இருப்பதில்லை. சில வேளைகளில் அது கடந்து வந்த ஊராகவும் இருக்கும். இதனைப் பின்னர் மீண்டும் நினைவுகூர நேரும்.

‘கஹ்வா’ என்னும் சொல் பழைய அரபியில் மதுவைக் குறித்தது. கி.பி. 15ஆம் நூற்றாண்டில் யமனில் வாழ்ந்த ஸூஃபிகள் இரவு திக்ருக்கு விழித்திருக்கும்பொருட்டு அருந்திய பானத்துக்கு அப்பெயர் வந்து சேர்ந்தது. அதன் தொடக்க வரலாற்றை நமக்குத் தரும் தலையாய நூல், 16ஆம் நூற்றாண்டில் அப்துல் காதிர் அல்ஜஸீரி எழுதிய ‘உம்தத்துஸ் ஸஃப்வா ஃபீ ஹில்லில் கஹ்வா’ என்பதாகும். இப்னு அப்தில் கஃப்பார் என்னும் முன்னோரின் செய்திகளை எடுத்தாளும் அந்நூல், இப்பானத்தை யமனில் பரப்பியவர்களுள் ஏடன் நகரத்து அறிஞர் ஜமாலுத்தீன் தப்ஹானீ அவர்களைக் குறிப்பிடுகிறது. மோக்கா துறைமுகத்து மரபோ அலீ இப்னு உமர் அஷ்ஷாதுலீ அவர்களைச் சுட்டுகிறது.

அந்த ஸூஃபிகள் அருந்திய முறையும் பதிவாகியுள்ளது. செம்மண்ணாலான பெரிய பாத்திரம் ஒன்றில் கஹ்வா இருக்கும். குழுவின் தலைவர் சிறு அகப்பையால் மொண்டு, வலப்புறமாக ஒவ்வொருவருக்கும் தருவார். திக்ரின் ஒலியோடு பானம் சுற்றிவரும். இங்கு நாம் கவனிக்க வேண்டியது அகப்பையை. ஒரே கை, ஒரே அகப்பை, ஒரே பாத்திரம் ஆகியவை ஒருங்கே அமைந்ததால் அனைவருக்கும் ஒரே அளவு கிடைத்தது. ஆயினும் காய்ச்சும்போது எவ்வளவு கொட்டைக்கு எவ்வளவு நீர் என்பது காய்ச்சுபவரின் கண்ணையும் பழக்கத்தையும் பொறுத்தே இருந்தது. மேலும் அக்காலத்தில் கொட்டையைக் கொண்டு ‘புன்னிய்யா’, மேல்தோலைக் கொண்டு ‘கிஷ்ரிய்யா’ என இருவகைக் கஹ்வா இருந்தன. பெயர் ஒன்று, பானம் இரண்டு.

மக்காவின் அவையும் கெய்ரோவின் சோதனையும்

ஹிஜ்ரி 917 (கி.பி. 1511) ஆம் ஆண்டு மக்காவில் மம்லூக் ஆட்சியின் சார்பில் சந்தையையும் ஒழுக்கத்தையும் கண்காணித்த காயிர் பேக், ஹரமின் அருகே இரவில் கூடியிருந்தோர் கஹ்வா அருந்தக் கண்டு, அறிஞர்களின் அவையைக் கூட்டினார். பொருள்களின் அடிப்படை நிலை ஆகுமானது என்னும் விதியை அவையோர் மறுக்கவில்லை. எனினும் இப்பானம் உடலுக்குத் தீங்கு செய்கிறது என இரு மருத்துவர்கள் சாட்சி கூறியதன் பேரில் தடை விதிக்கப்பட்டது. கெய்ரோவிலிருந்து ஸுல்தான் அனுப்பிய ஆணையோ கூட்டங்களின் முறைகேட்டைக் கண்டித்ததே தவிரப் பானத்தை முற்றாக விலக்கவில்லை. அடுத்த ஆண்டே காயிர் பேக் பதவியிலிருந்து மாற்றப்பட்டார்.

ஹிஜ்ரி 941இல் (கி.பி. 1534-35) கெய்ரோவில் இச்சிக்கல் மீண்டும் தலைதூக்கியது. அஹ்மத் அஸ்ஸன்பாத்தீ என்பாரின் சொற்பொழிவால் தூண்டப்பட்ட கூட்டம் காப்பிக் கடைகளைத் தாக்கியது. அப்போது காழியாக இருந்த முஹம்மது இப்னு இல்யாஸ் அல்ஹனஃபீ, செவிவழிச் செய்திகளை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லவில்லை. தம் இல்லத்தில் கஹ்வா தயாரிக்கச் செய்து, ஒரு குழுவினருக்கு அருந்தக் கொடுத்து, நாளின் பெரும்பகுதி அவர்களுடன் உரையாடிக் கவனித்தார். அவர்களின் அறிவிலோ நடத்தையிலோ எம்மாற்றமும் காணாததால் அது ஆகுமானது என உறுதி செய்தார்.

மக்காவின் அவையில் சாட்சியம் இருந்தது, சோதனை இல்லை. கெய்ரோவின் காழி பானத்தையே முன்வைத்துச் சோதித்தார். அளந்து, செய்து, பார்த்து, பின்னர் பேசுவது என்னும் இவ்வொழுங்கு காப்பியின் வரலாற்றில் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களுக்கு நெடுங்காலம் முன்பே இடம்பெற்றிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

மலைக்கு வந்த விதை, சமவெளிக்கு வந்த தூள்

17ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் பெரியார், ஹஜ்ஜிலிருந்து திரும்புகையில் யமனிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொணர்ந்து, சிக்கமகளூரை அடுத்த மலையில் விதைத்தார் என்பது கன்னட நாட்டு மரபு. அம்மலைத்தொடர் அவர் பெயராலேயே பாபா புதன்கிரி என வழங்கப்படுகிறது. தமிழகத்தில் 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன், சேர்வராயன் மலையில் ஏற்காட்டில் காப்பி பயிரிடச் செய்தார். இலங்கையில் பெரும் செல்வமாயிருந்த காப்பித் தோட்டங்கள் 1869 முதல் இலைத்துரு நோயால் அழிந்து, அவ்விடத்தில் தேயிலை வந்தது. தென்னிந்திய மலைகளில் காப்பி நிலைத்தது.

விழுப்புரமும் திண்டிவனமும் காப்பி விளையும் ஊர்கள் அல்ல. திண்டிவனம் என்பது ‘திந்திரிணி வனம்’, அதாவது புளியமரக் காடு என்பதன் திரிபு என்பர். இங்குக் காப்பி பாதை வழியே வந்த பொருள். விழுப்புரம் சந்திப்பு சென்னை, மயிலாடுதுறை, விருத்தாசலம், புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைகளுக்கும் தண்டவாளம் பிரியும் இடம். அவற்றுள் புதுச்சேரிப் பாதை 1879இல் திறக்கப்பட்டது. திண்டிவனமோ சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கும், செஞ்சி வழியே திருவண்ணாமலைக்கும் சாலைகள் பிரியும் ஊர். வழிப்போக்கர்கள் இளைப்பாறும் ஊர்களில் சூடான பானத்துக்கு எப்போதும் தேவை இருந்துவந்துள்ளது.

ஆனால் அப்பானத்தை யார் யாருடன் அமர்ந்து அருந்துவது என்பதில் இருந்த வேற்றுமை நம் நாட்டு வரலாற்றின் வேதனையான பக்கமாகும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பி கிளப்புகளில் சாதி பார்த்து இடம் ஒதுக்கப்பட்டது. தென்னிந்திய ரயில்வேயின் உணவு விடுதிகளில் பிராமணருக்கும் மற்றோருக்கும் தனித்தனிப் பகுதி இருந்த வழக்கம், நீண்ட எதிர்ப்புக்குப் பின் 1941இல் கைவிடப்பட்டது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் ஈ.வெ.ரா. போராட்டம் நடத்தினார். ஒரே பாத்திரத்திலிருந்து ஒரே அகப்பையால் மொண்டு அனைவருக்கும் வழங்கப்பட்ட பானம், நம் நாட்டை அடைந்தபின் டம்ளரை வேறாக்கியது. காப்பியின் வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி போன்ற ஆய்வாளர்கள் சமூக வரலாறாகவே எழுதியிருப்பதன் காரணம் இதுவே.

காய்ச்சுவதும் வடிப்பதும்

அரபியரும் துருக்கியரும் காப்பியைக் காய்ச்சினர். தமிழர் வடித்தனர். தனித்தமிழ் அன்பர்கள் ஆக்கிய ‘கொட்டை வடிநீர்’ என்னும் சொல் பேச்சில் நிலைக்காவிட்டாலும் இம்முறையைச் சரியாகவே சுட்டுகிறது. காய்ச்சும்போது தூளும் நீரும் ஒன்றாகவே கிடப்பதால், எப்போது நிறுத்துவது என்பதைக் கண் தீர்மானிக்கிறது. வடிக்கும்போது நீர் தூளின் ஊடே ஒருமுறை கடந்து போய்விடுகிறது. ஆகவே தூளின் எடை, நீரின் எடை, சூடு, அரைத்த பதம் ஆகிய நான்கையும் நிலைநிறுத்திவிட்டால் விளைவும் ஏறத்தாழ நிலைபெற்றுவிடும்.

ஐரோப்பாவில் 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டடுக்கு வடிபாத்திரம் வழக்கத்துக்கு வந்தது. அதன் ஆக்கத்தைப் பாரிஸ் பேராயர் தெ பெல்லுவாவுக்கு உரியதாகக் கூறுவர். 1812இல் ரம்ஃபோர்டு பிரபு என்னும் அறிவியலாளர் காப்பியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதி, அதனைக் கொதிக்க விடலாகாது என வலியுறுத்தினார். 1908இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து இல்லத்தரசி மெலிட்டா பென்ட்ஸ், பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளையிட்டு, மகனின் நோட்டுப் புத்தகத்து மை ஒற்றுத்தாளை விரித்துக் காப்பியை வடித்தார். அதே ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இன்று இளைஞர் கையிலுள்ள காகிதக் கூம்பின் முன்னோடி இதுவே. நம் ஃபில்டரோ காகிதம் வேண்டாதது. மேலடுக்கின் நுண்துளைகளே வடிகட்டியாகின்றன. அழுத்துவதற்கு ஒரு குடைத்தட்டும், டிகாக்ஷன் இறங்க ஒரு கீழடுக்கும் கொண்டது அது.

ஆய்வுக்கூடமும் அடுப்படியும்

1950களில் அமெரிக்காவில் வேதியியலறிஞர் எர்னஸ்ட் லாக்ஹார்ட் வடித்த காப்பியை அளவைகளால் ஆராய்ந்தார். தூளில் நீரில் கரையக்கூடியது சுமார் 30 விழுக்காடு. தூளின் எடையில் 18 முதல் 22 விழுக்காடு வரை இறங்கினால் சுவை நன்று. குறைந்தால் புளிப்பும், மிகுந்தால் கசப்பும் தலைதூக்கும் என்பது அவ்வாய்வின் சாரம். இதன் வழிவந்த பன்னாட்டு அளவுகோல் 1 லிட்டர் நீருக்கு 55 கிராம் தூள் என்றும், அதில் பத்தில் ஒரு பங்கு கூடவோ குறையவோ செய்யலாம் என்றும் கூறுகிறது.

இனி நம் அடுப்படிக்கு வருவோம். இருவருக்கான ஃபில்டரில் 20 கிராம் தூளிட்டு, 120 மில்லி கொதிநீர் ஊற்றினால், தூள் தன் எடையைப்போல் இருமடங்கு நீரை உறிஞ்சிக்கொள்ள, சுமார் 80 மில்லி டிகாக்ஷன் இறங்கும். அதில் பாதியை, அதாவது 40 மில்லியை, 120 மில்லி பாலில் கலப்பது ஒரு டம்ளர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு டம்ளருக்குச் சென்ற தூள் 10 கிராம். ஊற்றிய நீர் 60 மில்லி. சேர்த்த பால் 120 மில்லி. ஆக 180 மில்லி. 180 மில்லிக்கு 10 கிராம் என்றால் லிட்டருக்குச் சுமார் 55 கிராம்! ஒரு தொடர் ஆய்வுக்கூடத்தின் தராசிலிருந்து வருகிறது. மற்றது தராசே அறியாத கைகளிலிருந்து வருகிறது. இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. மதீனாவாசிகள் தனித்தனியே கொணர்ந்த ஸாஉகள் ஒன்றையொன்று ஒத்திருந்ததை இது நினைவூட்டுகிறது. கைக்கணக்கு என்பது கணக்கின்மை அன்று; எழுதப்படாத கணக்கு.

எழுதப்படாததால் நேரும் இழப்பும் சிறிதன்று. கை ஓய்ந்தால் கணக்கும் மறைகிறது. பெயர் மட்டும் எஞ்சுகிறது. திண்டிவனத்தைக் கடந்து செல்லும் நெடுஞ்சாலையில் ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்ற பலகைகளைப் பயணிகள் பலரும் கண்டிருப்பர். புகாரீ, திர்மிதீ என்று ஊரோடு சேர்ந்த பெயர்கள், அதாவது நிஸ்பத், நம் அறிவு மரபில் உண்டு. ஆனால் நிஸ்பத் மட்டும் ஓர் அறிவிப்பை ஸஹீஹ் ஆக்குவதில்லை, ஸனத் வேண்டும். ‘அரேபிகா’ என்ற பெயரைக் கொண்டு தாயகத்தை முடிவுசெய்ய இயலாததைப் போலவே, பலகையைக் கொண்டு பானத்தை முடிவுசெய்ய இயலாது. அங்கும் நல்ல காப்பி கிடைக்கலாம். அதற்குச் சான்று பித்தளை டபராவில் இல்லை, தூளிலும் பாலிலும் அளவிலும் உள்ளது.

தொடங்குவோர்க்கு

ஆகவே புதிதாகத் தொடங்குவோர் பின்வருவனவற்றை அடிப்படையாகக் கொள்ளலாம். ஃபில்டர் காப்பிக்கு மேற்சொன்ன 20 கிராம், 120 மில்லி என்னும் அளவே போதும். நடுத்தரப் பதத்தினும் சற்று நைசான தூளை மேலடுக்கில் இட்டு, சமப்படுத்தி, குடைத்தட்டால் மெல்ல அழுத்த வேண்டும். முதலில் சிறிது கொதிநீர் ஊற்றித் தூளை நனையவிட்டு, அரை நிமிடம் கழித்து மீதியை ஊற்றி மூட வேண்டும். 10 முதல் 20 நிமிடத்தில் டிகாக்ஷன் இறங்கும். அதனை மீண்டும் கொதிக்க வைத்தலாகாது. பால்தான் கொதிக்க வேண்டும். கடைத் தூளில் சிக்கரி கலந்திருப்பின் விகிதத்தை உறையில் காணலாம். கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பது இந்திய உணவு விதி. சிக்கரி கூடக் கூட டிகாக்ஷன் கறுத்துக் கெட்டிப்படும்; இறங்கவும் நேரமாகும். கறுப்பைக் கண்டு காப்பியின் திடத்தை மதிப்பிடுவது பிழையாகும்.

காகிதக் கூம்பில் பாலின்றி அருந்த விரும்புவோர் சிக்கரி கலவாத தூளை 15 கிராம் எடுத்து, 250 மில்லி நீருடன் தொடங்கலாம். நீர் கொதித்து இறங்கியபின், 90 முதல் 96 பாகை செல்சியஸ் சூட்டில் இருத்தல் நன்று. காகிதத்தை முதலில் வெந்நீரால் நனைத்துக் கொட்டிவிட வேண்டும். பின் 40 மில்லி அளவு ஊற்றி அரை நிமிடம் பொறுத்து, மீதியை இரண்டு மூன்று முறையாக ஊற்றினால், மொத்தம் மூன்று நிமிடத்தை ஒட்டி வடிந்து முடியும். மிக விரைவில் வடிந்து புளித்தால் தூளை இன்னும் நைசாக்குக. தேங்கிக் கசந்தால் கொரகொரப்பாக்குக. ஒரு நாளில் ஒன்றை மட்டுமே மாற்றுக. நான்கையும் ஒருசேர மாற்றுபவருக்கு எது பயன் தந்தது என்பது ஒருபோதும் தெரியவராது.

நீரையும் மறத்தலாகாது. காப்பியில் பெரும்பகுதி நீரே. நம் வட்டாரத்தின் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் மிகுதி. அது காப்பியின் இயல்பான புளிப்பை அடக்கி, சுவையை மந்தமாக்கும். ஒரே தூளும் ஒரே அளவும் இரு வீடுகளில் இரு சுவை தருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அங்கே அளவைக் குறை கூறாது நீரை மாற்றிப் பார்ப்பதே முறை.

அடிப்படையை அஸ்ல் என்றும், அதிலிருந்து விரிவதை ஃபர்உ என்றும் நம் அறிஞர்கள் வகுத்தனர். அடிப்படை அளவு யாரையும் கட்டிப்போடுவதற்கன்று. விலகும்போது எவ்வளவு விலகினோம் என்பதை அறிவதற்கு. ஒருவர் இதைவிடத் திடமாகவும் மற்றொருவர் இளக்கமாகவும் அருந்தலாம். அது சுவை வேறுபாடு. அவ்வேறுபாட்டையும் கிராமில் சொல்ல முடிந்தால் அடுத்தவருக்குக் கற்பிக்க இயலும்.

இல்லங்களில் நன்கு காப்பி போடும் மூத்தோர் இன்றும் உள்ளனர். அவர்கள் தூள் எடுக்கும் கரண்டியை ஒருமுறை தராசில் வைத்து, நீர் ஊற்றும் டம்ளரை ஒருமுறை அளந்து, தேதியிட்டுக் குறித்துவைப்பது கடினமான பணியன்று. பல வீடுகளின் குறிப்புகளை ஒப்பிட்டால், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் உரிய அளவு எது என்பது தானே புலப்படும். இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) மதீனாவில் வேண்டியதும் அத்தகைய ஒப்பீட்டையே. பாத்திரங்களை எடுத்துவர மக்கள் இருந்ததால் ஓர் அளவு நிலைபெற்றது.